கொட்டு நின்ற கந்தூரி
கிழக்கிலங்கைப் பொல்லடியும் அது வாழ்ந்த தெருவும்

கந்தூரி என்ற சொல்லை இன்று எங்கள் பகுதியில் எடுத்தால் பேச்சு உடனே மார்க்கச் சட்டத்துக்குப் போய்விடுகின்றது. ஆகுமா ஆகாதா என்பதே கேள்வி. அதை உலமாக்கள் பேசட்டும்; அதற்குரிய தகுதி எனக்கில்லை. நான் சொல்ல வந்தது கந்தூரியின் இன்னொரு பக்கம். ஓர் ஊர் தன் தெருவில், தன் செலவில், எவரிடமும் ஒரு சதமும் வாங்காமல் மூன்று இரவுகள் நடத்திய ஆட்டமும் பாட்டும் பற்றியது அது. பொல்லடி, றபான், பக்கீர் பைத்து, சிலம்படி ஆகிய எங்கள் கலைகளுக்கு வேறு மண்டபம் இருக்கவில்லை. கலியாண வீடும் கந்தூரித் தெருவுமே அவற்றின் அரங்குகள். கலியாண வீட்டுக்கு அழைப்பு வேண்டும். கந்தூரித் தெருவுக்கு அதுவும் தேவையில்லை.

அந்தத் தெரு எவ்வாறு உருவாயிற்று, எவ்வாறு இல்லாமற் போயிற்று என்பதை என் ஊரை வைத்துச் சொல்ல முயல்கின்றேன். இல்லாமற் போனதில் எனக்கும் ஒரு பங்குண்டு. ஆகவே இதனை எழுதுவது எனக்கு ஒரு கடனுமாகும்.

*

‘கந்தூரி’ பாரசீகச் சொல். உணவு பரிமாறுவதற்காக விரிக்கும் துணியை அது முதலிற் குறித்தது. பின்னர் அந்த விரிப்பில் வைக்கப்படும் விருந்தையும், பெரியார் ஒருவரின் பெயரால் கொடுக்கப்படும் சோற்றையும் குறிக்கலாயிற்று. அச்சே, மலாயா ஆகிய நாடுகளில் ‘கெண்டுரி’ என்று இதே சொல் வழங்குகின்றது. வங்காள விரிகுடாவின் இரு கரைகளிலும் ஒரு சொல் இப்படிப் பரவியிருப்பதற்குக் காரணம் கப்பல்தான்.

அந்தக் கப்பல்களுக்கெல்லாம் ஒரு காவலர் இருந்தார் என்று நம்பியவர்கள் சோழமண்டலக் கரையின் மரைக்காயர்கள். அவர் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து நாகூரில் அடங்கிய ஷாஹுல் ஹமீது ஆண்டகை. நாகூர் தர்காவின் உயர்ந்த மினாராவைக் கட்டுவித்தவர் 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப்சிங். முஸ்லிம் பெரியாருக்கு இந்து மன்னர் எழுப்பிய கோபுரம் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. தமிழ் பேசும் முஸ்லிம் வணிகர்கள் சென்ற துறைகளிலெல்லாம் நாகூராரின் நினைவிடங்கள் எழுந்தன. பினாங்கில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், சிங்கப்பூரின் தெலோக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையிலும் அவை கட்டப்பட்டன.

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியும் இந்த வரிசையிலேயே வருகின்றது. மகான் அடங்கியிருப்பது நாகூரில். இங்கே இருப்பது அவரது நினைவு மாத்திரமே. ஜமாதுல் ஆகிர் மாதத் தலைப்பிறையோடு கொடியேற்றி, பன்னிரண்டு நாள் மௌலிது ஓதி, இறுதியில் சோறு கொடுப்பது வழக்கம். அந்தக் கொடியேற்றங்களின் எண்ணிக்கை 2020களின் தொடக்கத்தில் இருநூறைத் தொட்டது. இந்த எண்ணிக்கை பிறைக் கணக்கிலானது என்று கொண்டால், இருநூறு ஹிஜ்ரி ஆண்டுகள் ஏறக்குறைய 194 ஆங்கில ஆண்டுகளுக்குச் சமம். அப்படியாயின் முதற்கொடி ஏறியது 1820களின் பிற்பகுதி. சிங்கப்பூரில் தர்கா எழுந்த அதே காலம். ஒரே கடலில் ஓடிய ஒரே மக்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் இரண்டு கரைகளில் ஒரே பெயரால் கொடி நட்டிருக்கிறார்கள். நமது கிராமத்துக் கந்தூரியைத் தனித்த ஒரு மூலையின் பழக்கமாக எண்ணுவோர் இதைச் சிறிது நினைத்துப்பார்க்க வேண்டும்.

*

எங்கள் ஊர் கல்முனைக்குத் தெற்கே கடலோரமாக உள்ளது. கடற்கரைப் பள்ளிக் கந்தூரி பிறைக் கணக்கில் வரும். ஆகவே அது ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்து, மாரியிலும் கோடையிலும் மாறி மாறி வந்துபோகும். எங்கள் ஊர்க் கந்தூரியோ மீன் கணக்கில் வருவது. வாடைக்காற்று ஓய்ந்து, கடல் அடங்கி, கரைவலைத் தோணிகள் இறங்கி, கச்சான் காற்று அனலாய் வீசும் ஆனி, ஆடி மாதங்களில் ஒரு வியாழன் பின்னேரம் தைக்காவில் கொடி ஏறும். கரைவலை முதலாளிமார் ஒவ்வொரு பாட்டிலிருந்தும் ஒரு பங்கை ஒதுக்கி வைத்திருப்பார்கள். வயற்காரர் நெல் கொடுப்பர். ஒன்றுமில்லாதவர் விறகு கொத்துவர். மூன்றாம் நாள் சோறு. அதற்கு முந்திய மூன்று இரவுகளும் ஆட்டம்.

1988, 89ஆம் ஆண்டுகளின் கந்தூரிகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. அப்போது எனக்கு எட்டு, ஒன்பது வயது. மஃரிபுக்குப் பிறகு முதலில் மௌலிது. இஷாவுக்குப் பிறகு பக்கீர் பாவாமார் வந்து தைக்கா வாசலில் அமர்வார்கள். நோன்பு காலத்தில் சஹர் நேரத்துக்கு றபான் தட்டி ஊரை எழுப்புகின்ற அதே பாவாமார்தான். ஆனால் நோன்பில் அவர்கள் தனியாள். கந்தூரியில் ஒரு கூட்டம். மரச்சட்டத்தில் ஆட்டுத்தோல் போர்த்திய றபானை நெருப்பில் காட்டிச் சூடேற்றுவார்கள். விரலால் தட்டிப் பார்த்து, தோல் இறுகிவிட்டது என்று தெரிந்ததும் பைத்து தொடங்கும். ஈராக்கில் 1182இல் மறைந்த அஹ்மதுல் கபீர் றிபாயி நாயகத்தின் தரீக்காவைச் சேர்ந்தவர்கள் அவர்கள். றாத்திபின் உச்சத்தில் கத்தியும் கம்பியும் வெளியே வரும்போது உம்மா என் கண்ணைப் பொத்திவிடுவார். விரலிடுக்கால் நான் பார்த்துவிடுவேன்.

அடுத்தது சிலம்படி. அதன் பின்னர், ஊர் காத்திருந்த பொல்லடி. எங்களவர் சிலர் இதனைக் களிகம்பு என்றும் கூறுவர். ஆட்டக்காரர் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படை. எங்கள் ஊரில் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவர் கையிலும் வைரம் பாய்ந்த முழ நீளக் கம்பு இரண்டு. வட்டமாக நின்று, முன்னால் நிற்பவனோடு ஓரடி, பின்னால் நிற்பவனோடு ஓரடி என்று மாறி மாறி அடித்துக்கொண்டே வட்டம் சுழலும். நடுவில் அண்ணாவியார் தாளத்துடன் நிற்பார். அவர் ஓரடி பாட, ஆட்டக்காரர் திருப்பிப் பாடுவர். இறைபுகழ், நபிபுகழ், நாகூரார் புகழ் என்று தொடங்கி, கடலும் வயலும் மச்சான் மச்சியின் ஏச்சுப்பேச்சும் வரை பாட்டு இறங்கும். முதல் அரைமணி நேரம் ஆட்டம் நடைபோலவே இருக்கும். பிறகு சிறிது சிறிதாக வேகம் ஏறும். கடைசியில் பொல்லின் ஓசை மாத்திரமே கேட்கும். பொல் கண்ணுக்குத் தெரியாது.

பெண்கள் கிடுகு வேலிக்கு அப்பால் இருந்தார்கள். வட்டம் சுழலும்போது வேலிக்குள்ளிருந்து குரவை எழும். அப்போதெல்லாம் அது எனக்கு வெறும் சத்தம். அதற்குள் என்ன இருந்தது என்பது இருபத்தைந்து ஆண்டுகளின் பின்னரே எனக்கு விளங்கிற்று. அதைப் பின்னர் சொல்கின்றேன்.

*

பொல்லடி எங்கிருந்து வந்தது? இதற்கு ஒரே விடை கூறுவது கடினம். மலபார் மாப்பிள்ளைமாரிடம் ‘கோல்களி’ உண்டு. வட்டமாக நின்று கம்படித்துப் பாடும் ஆட்டம். கிழக்கிலங்கை முஸ்லிம்களின் தாய்வழிக் குடிமுறைக்கும் பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கத்துக்கும் மலபாரிலே ஒப்புமை காணலாம். இவ்வாறான ஒற்றுமைகளை அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்து 2008இல் நூல் வெளியிட்ட அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே எடுத்துக் காட்டியிருக்கின்றார். ஆகவே கோல்களிக்கும் பொல்லடிக்கும் உறவு இருந்திருக்கலாம் என்று எண்ண இடமுண்டு.

ஆயினும் அவ்வளவு தூரம் போகுமுன் பக்கத்து ஊரைப் பார்க்க வேண்டும். மட்டக்களப்புத் தமிழரிடையே வசந்தன் ஆட்டம் இருக்கின்றது. அதுவும் கம்படித்து வட்டமாக ஆடுவதே. அதன் பாடல்களைத் தி. சதாசிவ ஐயர் 1940இல் ‘வசந்தன் கவித்திரட்டு’ என்று அச்சில் கொண்டுவந்தார். எங்கள் ஆட்டத்துத் தலைவரை நாம் ‘அண்ணாவியார்’ என்று அழைக்கின்றோமே, அந்தச் சொல் கூத்துக் களரியின் சொல். உஸ்தாத் என்றோ முஅல்லிம் என்றோ நாம் அவரை அழைக்கவில்லை. வேலியடுத்த இரு சமூகங்கள் ஒரே கம்பை வெவ்வேறு பெயர் சொல்லி அடித்திருக்கின்றன. கந்தூரி இரவுகளில் பக்கத்துத் தமிழ் ஊரிலிருந்து நேர்ச்சை கொண்டு வருபவர்கள் எங்கள் வாசலில் ஆட்டம் முடியும்வரை இருந்து பார்த்ததை நானே கண்டிருக்கின்றேன். அவர்களுக்கும் நார்சா கொடுக்கப்பட்டது.

*

இந்த அரங்கு ஒரே நாளில் இல்லாமற் போகவில்லை. முதலிற் கை வைத்தது பத்வா அல்ல, ஒலிபெருக்கி. எண்பதுகளில் வாடகைக்கு வந்த ஒலிபெருக்கியும் கசெட்டும் பகல் முழுவதும் நாகூர் ஈ.எம். ஹனிபாவைப் பாடவைத்தன. 1925இல் பிறந்து 2015இல் மறைந்த அந்தப் பெருங்குரலின் மீது எனக்கு எவ்வித மனத்தாங்கலும் இல்லை. ஆனால் அந்தக் குரலுக்குப் பிறகு, ஒலிவாங்கி இல்லாமல் பாடும் எங்கள் அண்ணாவியாரின் குரல் இளைஞருக்குச் சிறுத்துப்போயிற்று. பொல்லடியின் மத்தியிலேயே கசெட்டைப் போடச்சொன்ன காக்காமாரும் இருந்தார்கள்.

இரண்டாவது அடி 1990. அவ்வாண்டு ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும், அடுத்த கிழமை ஏறாவூரிலும் நிகழ்ந்த படுகொலைகளின் பின்னர் இரவில் கூடுவதற்கு எவர் துணிவார்? தமிழ் ஊரிலிருந்து வருபவர்களும் நின்றார்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் கந்தூரி திரும்பியது. ஆனால் இஷாவுக்கு முன்பே முடிகின்ற கந்தூரியாக, நம்மவர் மாத்திரம் பார்க்கின்ற கந்தூரியாகத் திரும்பியது.

மூன்றாவது, மார்க்கச் சீர்திருத்த இயக்கங்கள். அவற்றின் வாதங்களை நாம் நேர்மையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். இறந்துபோன பெரியாரிடம் தேவையைக் கேட்பது ஒரு விடயம். கந்தூரியின் பெயரால் கடன்பட்டுச் செலவழிப்பது இன்னொரு விடயம். கொட்டும் ஆட்டமும் மூன்றாவது விடயம். முதல் இரண்டிலும் அவர்கள் கூறியதில் சிந்திக்க வேண்டியவை நிறையவே இருந்தன. ஆனால் மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டி ஒன்றாகவே இழுத்தார்கள். பெருநாள் தினத்தில் அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட, ஆயிஷா நாயகி சலிக்கும்வரை பார்ப்பதற்கு ரஸூலுல்லாஹ் இடமளித்தார்கள் என்ற ஹதீஸ் புகாரியில் இருக்கின்றது. இமாம் கஸ்ஸாலி தமது இஹ்யாவில் இசை கேட்பது பற்றி ஒரு தனிப் பகுதியே எழுதியிருக்கின்றார்கள். இவற்றை மறுப்பவர்களுக்கும் ஆதாரம் உண்டு என்பதை அறிவேன். எங்கள் ஊரில் அந்த ஆதாரங்களோ இந்த ஆதாரங்களோ பேசப்படவில்லை என்பதே எனது குறை.

*

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அந்தக் காலைப் பொழுதைப் பற்றி இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் எதுவும் விவரிக்கத் தேவையில்லை. அம்பாறை மாவட்டத்துக் கரையோரத்தில் யாரை இழக்காத குடும்பம் உண்டு? எங்கள் ஊரின் பொல்லடிக்காரர் பன்னிருவரில் நால்வரைக் கடல் கொண்டுபோயிற்று. தைக்காவின் சுவர் நின்றது, கூரை போயிற்று. அண்ணாவியாரின் வீடு இருந்த இடத்தில் மணல்தான் கிடந்தது. அவரிடம் ஒரு தடித்த சீ.ஆர். கொப்பி இருந்தது. அவரது வாப்பாவின் ஏட்டிலிருந்து பெயர்த்தெழுதிய பாடல்கள். பழைய பகுதி அரபுத்தமிழில் இருந்ததாகச் சொல்வார். அதுவும் போயிற்று.

அடுத்த கோடை வந்தது. 2005ஆம் ஆண்டு ஒரு புதுமை: ஜமாதுல் ஆகிர் மாதம் ஜூலையில் பிறந்தது. பிறைக் கணக்கும் மீன் கணக்கும் ஒரே மாதத்தில் வந்து சேர்ந்தன. ஆனால் தோணிகள் இல்லை. தொண்டு நிறுவனங்கள் கொடுத்த சில தோணிகளுக்கு வலை இல்லை. இருந்தும் சோறு கொடுக்க வேண்டும் என்று ஊர் சொன்னது. கொட்டு வேண்டுமா என்பதில்தான் பேச்சு எழுந்தது.

அந்தக் கூட்டம் ஓர் அஸருக்குப் பிறகு நடந்தது. நான் ஆசிரிய கலாசாலையில் பயின்றுகொண்டிருந்த காலம், விடுமுறையில் வந்திருந்தேன். இப்படியான காரியங்களால்தான் கடல் வந்தது என்று இளைஞர் சிலர் கூறினர். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு மனிதர் அதைக் கேட்டு எழுந்து போய்விட்டார். மற்றவர்கள், மௌத்தான வீட்டில் கொட்டு எதற்கு என்றார்கள். இந்த இரண்டாவது காரணம் எனக்கும் நியாயமாகவே பட்டது. இன்றும் படுகின்றது. முடிவை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. “நீங்க கலாசாலையில படிக்கிற புள்ள, வடிவா எழுதுங்க தம்பி” என்று தாளைத் தந்தார்கள். ‘இவ்வாண்டுக் கந்தூரியில் சோறு மாத்திரம் வழங்கப்படும், கொட்டு, ஆட்டம் என்பன இடம்பெறமாட்டா’ என்று எழுதி, பள்ளிவாசல் பலகையில் என் கையாலேயே ஒட்டினேன்.

‘இவ்வாண்டு’ என்று எழுதியதைக் கவனியுங்கள். அடுத்த ஆண்டு யாரும் கூட்டம் கூட்டவில்லை, அறிவித்தலும் ஒட்டவில்லை. கொட்டு இல்லாமலே சோறு கொடுக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டும் அப்படியே. சில ஆண்டுகளில் சோறும் நின்றது. பொல்லடியை எங்கள் ஊரில் எவரும் தடைசெய்யவில்லை. நான் எழுதிய அந்த ஒரு சொல் இருபது ஆண்டுகளாக நீண்டுகொண்டிருக்கின்றது, அவ்வளவுதான்.

அந்த அறிவித்தலை அண்ணாவியாரும் வாசித்தார். கோபிக்கவில்லை. “இந்த வருசம் இல்லாட்டி மறுகா எப்ப மனே?” என்று மட்டும் கேட்டார். அடுத்த வருசம் என்று நான் சொன்னேன்.

*

2013இல் எனது பாடசாலை மாணவர் எண்மரைக் கொண்டு பொல்லடி ஒன்றைத் தயாரித்தேன். ஒரு மேடைப் போட்டிக்காக. அண்ணாவியார் வந்து பழக்கினார். வயது எழுபதைக் கடந்திருந்தது. ஆனால் போட்டிக்குக் கொடுக்கப்பட்டிருந்த நேரம் சில நிமிடங்கள். முதல் அரைமணி நேர நடையை நான் நீக்கினேன். மச்சான் மச்சிப் பாடல்களை ‘மாணவருக்குப் பொருந்தாது’ என்று நீக்கினேன். நாகூரார் பாடலைச் சர்ச்சை வரும் என்று நீக்கினேன். மிஞ்சிய வேகத்தை மேடையில் ஏற்றினேன். பரிசும் கிடைத்தது.

திரும்பி வரும்போது வேனில் அண்ணாவியார் என் பக்கத்தில் இருந்தார். “ஆட்டம் சூடு புடிக்கக்குள்ள நிப்பாட்டிப் போட்டீங்க மனே” என்றார். நேரம் அவ்வளவுதான் அப்பா என்றேன். கொஞ்சம் பொறுத்து, “பொடியன்மார் நல்லா அடிச்சாங்க. ஆனா இஞ்ச ஆர் கேட்ட? கை தட்டினாங்க, ஒத்தரும் திருப்பிப் படிக்கல்லயே” என்றார்.

இந்த இடத்தில் ஒரு வரலாற்று ஒப்பீடு உதவும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’ முதலிய கூத்துகளை மேடையேற்றியபோது விடிய விடிய நடந்த ஆட்டத்தைச் சுருக்கினார். அதனால் கூத்துக்குப் புதிய மதிப்புக் கிடைத்தது. படித்தவர்கள் அதைத் தம்முடையது என்று ஏற்றனர். ஆயினும் அவர் சுருக்கிய பிறகும் ஊர்களில் கோயில் வெளிகளில் முழு இரவுக் கூத்து நடந்துகொண்டிருந்தது. மேடைக்கு ஒரு வேர் கீழே இருந்தது. கேரளத்தில் கோல்களி பாடசாலைக் கலைவிழா மேடைகளில் இன்று பெருஞ்சிறப்போடு ஆடப்படுகின்றது என்று மகிழ்கின்றோம். நமது நிலை வேறு. தெருவில் நின்ற பிறகே நாம் பொல்லடியை மேடைக்கு எடுத்தோம். இப்போது அமைச்சர் வரும்போது வாசலில் நின்று வரவேற்கப் பொல்லடி தேவைப்படுகின்றது. வாகனம் நிற்கும் இடத்திலிருந்து மண்டபப் படிவரை ஆட்டம். விருந்தினர் படியேறியதும் பொல்லுக்கு வேலை முடிந்துவிடும்.

*

அண்ணாவியாரிடமிருந்து பாடல்களை எழுதியெடுக்க அதன்பிறகே முயன்றேன். நிந்தவூர் எஸ். முத்துமீரான் அவர்கள் எங்கள் பகுதியின் நாட்டார் பாடல்களைத் திரட்டி அச்சேற்றிய பணி எனக்கு வழிகாட்டியாக இருந்தது. கொப்பியில் நாற்பதுக்கு மேற்பட்ட பாடல்கள் இருந்தனவென்று அண்ணாவியார் சொன்னார். நினைவிலிருந்து அவர் தந்தவை பதினான்கு. சிலவற்றில் முதலடி மட்டும் வரும், அடுத்தது வராது. கொப்பி இருந்ததால் மனத்தில் வைக்கவில்லை என்று வருந்தினார். 2017இல் அவர் மௌத்தானார்.

ஒரு நாள் அந்தப் பதினான்கையும் வீட்டுத் திண்ணையிலிருந்து செம்மைப்படுத்திக்கொண்டிருந்தேன். வாப்பாவின் மூத்த ராத்தா, எனக்கு மாமி, அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் ஓரடியை வாய்விட்டுப் படித்தபோது, “அது அப்படியில்ல வாப்பா” என்று திருத்தினார். பிறகு அடுத்த அடியைச் சொன்னார். அண்ணாவியாருக்கு வராத அடி அது. நான் திகைத்துப்போய், இது எப்படி மாமிக்குத் தெரியும் என்று கேட்டேன். “ஏன் தெரியாம? வேலிக்குள்ள இருந்து நாங்களும் படிச்சதானே. எங்கட சத்தம் வெளிய கேக்கப்படா எண்டு வாய்க்குள்ள படிப்பம்; கொட்டு ஏறினா குரவ போடுவம்” என்றார்.

அவரும் அவர் வயதொத்த இரண்டு பெண்களும் சேர்ந்து மேலும் ஒன்பது பாடல்களை முழுமையாகத் தந்தார்கள். ஒருவர் விட்ட அடியை மற்றவர் எடுத்தார். நான் குரவை என்று மாத்திரம் கேட்டதற்குள் இவ்வளவு பாட்டும் இருந்திருக்கின்றது. ஒருநாளும் பொல் எடுத்திராத, ஆட்டத்தை முழுதாகக் கண்ணால் பார்க்கவும் முடியாத அவர்களிடம் கடல் எடுத்துச்சென்ற கொப்பியின் ஒரு பகுதி பத்திரமாக இருந்தது.

அண்ணாவியார் வேனில் கேட்ட கேள்வியின் பொருள் அன்றுதான் எனக்குப் புரிந்தது. நாங்கள் மேடையில் காப்பாற்றியது ஆட்டக்காரரை, கேட்டவர்களை அல்ல. ஒரு நாட்டார் கலை ஆடுபவரிடம் பாதியும், அதை ஆண்டுதோறும் கேட்டுக் கேட்டு மனத்தில் ஏற்றிக்கொள்ளும் தெருவிடம் பாதியுமாக வாழ்கின்றது. கட்டணமும் அழைப்பும் இல்லாத கந்தூரி இரவு அந்தப் பாதியை வளர்த்தது. எட்டு வயதுப் பிள்ளையும், வேலிக்குள்ளிருந்த பெண்ணும், பக்கத்து ஊர்த் தமிழரும் அங்கே கேட்பவர்களாக இருந்தனர். பரிசுக் கிண்ணத்தால் அத்தகைய கேட்பவர் ஒருவரை உண்டாக்க முடியாது. இன்று எனது வகுப்பிலுள்ள பிள்ளைகள் பொல்லடி என்றால் அமைச்சரை வரவேற்பது என்றே எழுதுகின்றார்கள்.

இந்தக் கட்டுரையை வாசிக்கும் எழுத்தாள நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் அண்ணாவியாரைத் தேடுங்கள். அவர் இல்லையென்றால் சோர்ந்துவிடாதீர்கள். உங்கள் உம்மாவிடமும் மாமியிடமும் உம்மும்மாவிடமும் கேளுங்கள். நமது வரலாற்று நூல்கள் புலவர்களையும் பள்ளிவாசல்களையும் தலைவர்களையும் எண்ணிவைத்திருக்கின்றன. வேலிக்குள் இருந்து வாய்க்குள் படித்தவர்களை இனியாவது எண்ண வேண்டும். அவர்களில் பலருக்கு எண்பது வயதாகிவிட்டது.

என் கடனையும் சொல்லி முடிக்கின்றேன். எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கின்றேன். வருகின்ற ஆடி மாதத்தில், ஒரே ஓர் இரவு, இஷாவுக்குப் பிறகு, பாடசாலை மைதானத்தில், முழு நேரப் பொல்லடி. தைக்காவும் இல்லை, நேர்ச்சையும் இல்லை. மார்க்கத்தில் கருத்து வேறுபாடுள்ளவர்களும் வந்து அமரலாம். பெண்களுக்கு வேலிக்கு இந்தப் பக்கம் இடம் வேண்டும் என்றும் கேட்டிருக்கின்றேன். பக்கத்துத் தமிழ் ஊருக்கும் சொல்லியனுப்ப வேண்டும் என்று எழுதியிருக்கின்றேன். பதில் இன்னும் வரவில்லை. ஆகாது என்றும் வரலாம். 2005இல் நிறுத்தச் சொல்லி எழுதிய கை, ஒருமுறையாவது தொடங்கச் சொல்லி எழுதியிருக்கின்றது.

மாமிக்கு இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். “எந்தப் பாட்டில தொடங்குவாங்க?” என்று கேட்டார்.